கைபடாத எஞ்சின்

மூன்றாவது பார்சலில் வந்த பிஸ்டன்களும் எங்கள் காருக்கானவை அல்ல. பெட்டியின் மேல் 'ஹெரால்ட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவையோ அதே வண்டியில் பிற்காலத்தில் வந்த பெரிய எஞ்சினுடையவை. விட்டம் அதிகம். எங்கள் சிலிண்டருக்குள் அவை இறங்கவே இறங்காது.

"படத்துல பார்த்தா அப்படியேதானேப்பா இருந்தது?" என்றாள் என் பெண் ஸ்ரீஜா. கைப்பேசியில் ஆர்டர் போட்டுத் தருவது அவள்தான்.

"படம் பார்த்துப் பிஸ்டன் வாங்கறதுக்கு இதென்ன புடவையா?"

"புடவையும் இதே கதைதான். எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கேன்!"

விற்றவனைப் போனில் பிடித்தேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், கொஞ்சம் தேச்சா உக்காந்துரும்" என்றான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்' என்று கொண்டுவந்தவர்களின் சரக்கிலெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பார்சலையும் அன்றே திருப்பி அனுப்பினேன்.

அது ஐப்பசி மாதம். தையில் ஸ்ரீஜாவுக்குக் கல்யாணம். அதற்குள் கார் ஓடியாக வேண்டும்.

எங்களில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஜானவாசம் நடக்கும். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்குத் திறந்த காரில் உட்கார வைத்து, நாதஸ்வரம் முன்னே போக, ஊர்வலமாக அழைத்து வருவோம். காருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது பெண் வீடு. மற்றவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை. என் அப்பா திருவள்ளூரில் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்தவர். ஆரணிப் பக்கம் நெல் விளையும் நிலம் இருந்தது. அந்த நாளிலேயே ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வாங்கினார். அந்தக் காரின் கூரையைப் போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். என் அக்கா ஹேமாம்புஜத்தின் கணவரில் தொடங்கி, எங்கள் குடும்பத்துக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் கூரை கழற்றிய அந்தக் காரில்தான் வந்தார்கள்.

நாள் குறிக்க வந்தபோது சம்பந்தி நாராயண் கொட்டகையில் நின்ற காரைச் சுற்றிவந்து பார்த்தார். பல வருடங்களாக ஓடாத கார். டயர்கள் தரையோடு ஒட்டியிருந்தன.

"ஏன் மாமா, இது ஓடுமா, இல்லே நாங்க தள்ளணுமா? தள்றதுன்னா முன்னாடியே சொல்லிடுங்கோ. எங்க பக்கத்துல பசங்க நிறைய இருக்கா."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்காத்துக் காரை இதுவரைக்கும் ஒருத்தர் தள்ளினதில்லை. கைபடாத எஞ்சின் அது. கம்பெனியில பூட்டின போல்ட் இன்னும் பிரிக்கலை. மாப்பிள்ளை இதுலதான் வருவார். இது ஓடலைன்னா, ஜானவாசமே வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்றேன்.

'கைபடாத எஞ்சின்' என்பது அப்பாவின் வார்த்தை. யார் வந்தாலும் பானெட்டைத் திறந்து காட்டி இதைச் சொல்வார். நானும் அதையே சொன்னேன். சிரிப்பு நின்றது. என் மனைவி காலமான பிறகு எங்களோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எஞ்சினை இறக்கிக் கொட்டகையிலேயே நானே பிரித்தேன். பிஸ்டன்கள் துருவில் இறுகியிருந்தன, பேரிங்குகள் தேய்ந்திருந்தன. மற்றதெல்லாம் பயன்படும். சிலிண்டர்களை அளந்து பார்த்தேன். கம்பெனி அளவு அப்படியே இருந்தது, தேய்மானமும் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். அப்பா சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்று நினைத்தேன். கிராங்க் ஷாஃப்ட்டைத் துடைத்தேன். கீறல் எதுவும் இல்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தேன். பழைய பேரிங்குகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

பிஸ்டன்கள் கடைசியில் பொதட்டூர்பேட்டையில் கிடைத்தன. அப்பாவு என்ற விவசாயியின் மாமனார் ஹெரால்ட் வைத்திருந்தவர். அந்தக் கார் மாட்டுக் கொட்டகையின் மூலையில் கோழிக்கூடாக நின்றது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாமனார் முன்யோசனையாக வாங்கிப் பரணில் போட்டிருந்த பிஸ்டன் செட் மட்டும் எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"காரையும் சேத்து எட்த்துனு போங்க சாமி. கோழிய இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார் அப்பாவு.

பிஸ்டன்களை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். சரியாக இருந்தன. காரைக் கோழிக்கே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தது பேரிங். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜமாணிக்கம் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிற மனிதர். உள்ளறையிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்க நைனா காலத்து சரக்கு சாமி. ஒரிஜினல். ஸ்டாண்டர்ட் சைஸ்தானே?"

"ஸ்டாண்டர்ட் சைஸ்தான். கைபடாத எஞ்சின்."

வீட்டுக்கு வந்து பேரிங்கைப் பதித்து, ஷாஃப்ட்டை உட்கார வைத்து, போல்ட்டை முடுக்கினேன். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலே தூக்கினால் மெல்ல 'டொக்' என்று ஆடியது. எண்ணெய் நிற்கிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். இதுவோ கைக்குத் தெரிகிற ஆட்டம். இப்படியே ஓட்டினால் திருவள்ளூர் தாண்டுவதற்குள் எஞ்சின் கதறிவிடும்.

மறுநாளே ஊத்துக்கோட்டைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பெட்டியை மேஜைமேல் வைத்தேன்.

"இது போலி. ஒரிஜினல் பெட்டியில போலிச் சரக்கைப் போட்டு விக்கறீர்."

ராஜமாணிக்கத்தின் முகம் மாறியது. "சாமி, வயசுல பெரியவரு. அதனால சும்மா இருக்கேன். பெட்டியப் பிரிச்சதே நீங்கதான். எங்க நைனா பேரு போட்ட போர்டுக்குக் கீழ குந்திக்கினு போலி விக்கற ஆளு இல்ல நான்."

"நான் எத்தனையோ வருஷம் இதையே பார்த்தவன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பிறகு சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு செட் வாங்கினேன். அதே ஆட்டம். கோயம்புத்தூரிலிருந்து ஸ்ரீஜா ஒரு செட் வரவழைத்தாள். அதுவும் அப்படியே. மூன்று வெவ்வேறு ஊரில், மூன்று வெவ்வேறு மனிதர்கள், ஒரே மாதிரி போலி விற்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது.

சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. "மாமா, ஒரு திறந்த ஜீப் சொல்லி வெச்சிருக்கேன். சும்மா, கைகாவலா."

"அதை வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஜெகனைப் போய்ப் பார்த்தேன். சிப்காட்டில் கிரைண்டிங் பட்டறை நடத்துகிறவர். நான் வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர். என் சிவப்பு பெயிண்ட்டை அதிகம் பார்த்தவரும் அவர்தான். பேரிங்கைத் தடிமனாகச் செய்துதர முடியுமா என்று கேட்டேன்.

"வாங்க சார், பெயிண்ட் டப்பா எடுத்தாரலியா?" என்று சிரித்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூணு பேரும் போலின்னா, அப்போ ஷாஃப்ட்டு மட்டும் ஒரிஜினலா? ஷாஃப்ட்ட அளந்தீங்களா சார்?" என்றார்.

"அது அளக்க வேண்டியதில்லை. அந்த எஞ்சினை யாரும் பிரிச்சதில்லை."

"யார் சொன்னா?"

"எங்கப்பா சொல்லியிருக்கார்."

ஜெகன் தாடையைத் தடவினார். "நாங்க 'அளவு கரெக்டா இருக்கு சார்'னு வாயால சொன்னா நீங்க ஒத்துக்கவே மாட்டீங்களே சார். 'வாய் வேணாம், அளவக் காட்டு'ம்பீங்க."

"எங்கப்பா வார்த்தைக்கு நான் மைக்ரோமீட்டர் வைக்கமாட்டேன், ஜெகன்."

ஜெகன் டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் அக்கா புளியும் கையுமாகக் கொல்லையில் உட்கார்ந்துவிடுவாள். விளக்கு, வட்டில், சொம்பு, தாம்பாளம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவாள். அந்த வாரம் அவள் கைக்கு என் பிஸ்கட் டின் அகப்பட்டது.

"ஸம்பத்து, இதென்னடா பாதி வளையம் மாதிரி? கரி அப்பிக் கிடந்தது. தேய்ச்சு வெச்சிருக்கேன்."

வெயிலில் ஒரு தாம்பாளம் நிறையப் பழைய பேரிங்குகள் வரிசையாக மினுங்கின.

"அக்கா! அதைப் போய் யாராவது புளி போட்டுத் தேய்ப்பாளா?"

"தேய்ச்சதனாலதானே கரிக்கு அடியில எழுதியிருக்கறது தெரியறது. முதுகுப் பக்கம் ஏதோ நம்பர் போட்டிருக்கு பார்."

எடுத்துப் பார்த்தேன். கறை போன இடத்தில் எண் பொறித்திருந்தது. இருபது.

எஞ்சின் வேலை தெரிந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஷாஃப்ட் கெட்டுப்போனால் அதைக் கடைந்து மெலிதாக்குவார்கள். மெலிந்த அளவை ஈடுகட்ட, பேரிங் அந்த அளவுக்குத் தடிமனாக வரும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பத்து சைஸ், இருபது சைஸ், முப்பது சைஸ் என்று போகும். புதுக் காரில் இருபது சைஸ் பேரிங் வராது. யாரோ இந்த எஞ்சினைப் பிரித்திருக்கிறார்கள், ஷாஃப்ட்டைக் கடைந்திருக்கிறார்கள்.

கொட்டகைக்குப் போய் ஷாஃப்ட்டின் துணியை அவிழ்த்தேன். மைக்ரோமீட்டரை வைத்தேன். இருபது. அடுத்த இடத்திலும் கம்பெனி அளவைவிட இருபது குறைவு, கொஞ்சம் தேய்மானமும்; அடுத்த அளவுக்குக் கடையாமல் முடியாது. ராஜமாணிக்கத்தின் சரக்கு சரியான சரக்கு. புதுப்பேட்டைச் சரக்கும் கோயம்புத்தூர்ச் சரக்கும்கூட.

அக்கா வாசற்படியில் நின்றாள். கையில் இன்னும் புளி ஒட்டியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நான் சொல்லலை. நீயாத்தான் நம்பரைப் படிச்சே. அதைப் பெருமாள் கேட்டுக்கட்டும்" என்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்தாள். "என் கல்யாணத்துக்கு முன்னாடி. நீ தாம்பரத்துல ஹாஸ்டல்ல இருந்தே. ஆரணியில நெல் அறுப்புப் பார்த்துட்டு நானும் அப்பாவும் கார்ல வந்துண்டிருந்தோம். ஆயில் ஊத்த மறந்துட்டார். விளக்கு சிவப்பா எரியறதுப்பான்னு நான் சொன்னேன். 'அது எரிஞ்சாத்தான் கார் ஓடறதுன்னு அர்த்தம்'னார்."

"அப்பாவா?"

"அப்பாவேதான். நடுரோட்டுல நின்னு போச்சு. வண்டிமாட்டைக் கட்டிக் களத்துக்கு இழுத்துண்டு போனா. நான் பின் சீட்டுல உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸ்லேர்ந்து ஆள் வந்து வைக்கோல்போருக்குப் பின்னால வெச்சுப் பிரிச்சான். ஜானவாசக் கார் நின்னுபோன சேதி பிள்ளையாத்துக்குப் போனா அபசகுனம்பான்னு அப்பாவுக்கு உதறல். வெளியில மூச்சு விடமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டார். உங்க அத்திம்பேருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"நீ சம்பந்திகிட்ட சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. தள்ளினதில்லைதான். இழுத்தா" என்று சொல்லிவிட்டு அக்கா கை அலம்பப் போனாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. இதை வெளியில் சொல்லாமல் ஷாஃப்ட்டை ஜெகனிடம் கொடுத்து அடுத்த அளவுக்குக் கடைந்து, காரையும் ஓட்டிவிடலாம். 'கைபடாத எஞ்சின்' அப்படியே நிற்கும். அப்பா மறைத்தார் என்றால், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் குறை வந்துவிடுமோ என்ற பயத்தில் மறைத்தார். எனக்கு அந்தக் காரணமும் கிடையாது. எனக்கு இருந்தது ஊத்துக்கோட்டையில் ஒரு மனிதனை, அவன் தகப்பன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே வைத்து, போலி என்று சொன்ன வாய். என் தகப்பன் பெயரைக் காக்க அவன் தகப்பன் பெயரைக் கெடுத்திருக்கிறேன். அதோடு கூரை கழற்றிய காரை ஓட்டிக்கொண்டு கோயில் வாசலில் போய் நிற்க என்னால் முடியாது.

ஷாஃப்ட்டைப் பழைய வேஷ்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊத்துக்கோட்டை போனேன். நல்ல கனம். "பெரியவரே, மடியில இன்னா, கொயந்தையா?" என்று கேட்டார் கண்டக்டர். "இல்லை, எங்காத்துப் பெரியவர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். சொன்னது கூட்டத்தில், திரும்ப எடுத்துக்கொள்வதும் கூட்டத்தில்தான் இருக்க வேண்டும். என்னைக் கண்டதும் ராஜமாணிக்கம் எழுந்திருக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். "உங்க சரக்கு அசல். என் ஷாஃப்ட்டை அளக்காம உங்க பேரிங்கைப் போலின்னு சொன்னேன். அது தப்பு. சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

 ராஜமாணிக்கம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சாமி. எதுத்த டீக்கடைக்காரனுக்குக் கேக்கல. அன்னிக்கு அவனும்தான் கேட்டான்."

வாசல் பக்கம் திரும்பி, சற்று உரக்க, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னேன். டீக்கடைக்காரர் கையில் பாலோடு எட்டிப் பார்த்தார்.

"குந்துங்க சாமி" என்றார் ராஜமாணிக்கம். வேஷ்டியை விலக்கி ஷாஃப்ட்டைத் தடவிப் பார்த்தார். "இருபதா. இப்போ முப்பதுக்குக் கடையணும். முப்பது சைஸ எங்க தேடுவீங்க?"

"தேடித்தான் ஆகணும்."

"மெட்ராசு பூரா சுத்தினாலும் கெடைக்காது." உள்ளே போனார். ரொம்ப நேரம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார். கையில் நசுங்கிய ஒரு பெட்டி. "எங்க நைனா வாங்கிப் போட்டது. எவனும் கேக்காத சைஸு. எலி கூடக் கடிக்கல. அன்னிக்கே 'இன்னா அளவு'ன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னிக்கே எட்த்துக் குடுத்திருப்பேன். பேஜாரு மிச்சம் ஆயிருக்கும்."

"கேட்டிருக்கணும்" என்றேன்.

அங்கிருந்தே கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த பஸ். ஜெகன் ஷாஃப்ட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் மெஷினில் ஏற்றினார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். வேலை முடிந்ததும் என் முன்னால் ஒரு சின்ன டப்பாவையும் பிரஷ்ஷையும் வைத்தார். சிவப்பு பெயிண்ட்.

"அளந்து பாருங்க சார். அடிக்கணும்னா அடிங்க. பழக்கம் வுட்டுப்போகக் கூடாது பாருங்க."

எல்லா இடத்தையும் அளந்தேன். அளவு சரி. ஆனால் எண்ணெய்த் துளை ஒன்றின் விளிம்பு கடைந்த கூரோடு அப்படியே இருந்தது; புதுப் பேரிங்கைக் கீறிவிடும். அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வட்டம் ஒன்று போட்டேன்.

"அதானே! சும்மா போயிட்டா அது எங்க ஸம்பத்குமார் சாரே இல்ல" என்று சிரித்தபடி ஜெகன் அந்த விளிம்பை மழுக்கிக் கொடுத்தார்.

இந்த முறை ஷாஃப்ட் ஆடவில்லை. விரல்களால் சுற்றினால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு நிதானமாகச் சுழன்றது. எஞ்சினைப் பூட்டிக் காரில் ஏற்றினேன். போகிக்கு முதல் நாள் சாவியைத் திருப்பினேன். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. எண்ணெய் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு அணைந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "விளக்கு எரியலையே, கார் ஓடறதாடா?" என்று கேட்டாள். ஸ்ரீஜாவுக்கு ஏன் நாங்கள் இருவரும் அப்படிச் சிரித்தோம் என்று பிறகுதான் தெரிந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய ஜானவாசம், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜானவாசத்தன்று கூரையைக் கழற்றிப் பூ அலங்காரம் செய்து காரைக் கோயில் வாசலுக்கு நானே ஓட்டிப் போனேன். மாப்பிள்ளை வைகுந்த் பின்னால் ஏறினார். அவரைச் சுற்றி ஒரு டஜன் வாண்டுகள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் காரை நகர்த்துவது, நெடுஞ்சாலையில் ஓட்டுவதைவிடக் கடினம். நடக்கிற வேகம். எஞ்சின் சூடேறும். ராகம் நீண்டால் நிற்க வேண்டும். வித்வான் ஒவ்வொரு முனையிலும் நின்று வாசித்தார். நான் வீதியைப் பார்த்ததைவிட அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததுதான் அதிகம். குளக்கரை திரும்பும்போது ஒரு கணம் மினுங்கியது.  ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினேன், அணைந்தது. பிறகு எரியவில்லை.

மண்டப வாசலில் கார் நின்றது. சம்பந்தி நாராயண் வேகமாக வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "சபாஷ் மாமா! நான் விளையாட்டுக்குச் சொன்னேன், நீங்க நிஜமாவே ஓட்டிக் காட்டிட்டேள். கைபடாத எஞ்சின்னா சும்மாவா!" என்றார்.

கேலி செய்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை சம்பந்தி" என்றேன். "நான் அன்னிக்குச் சொன்னது சரியில்லை. இந்த எஞ்சினை இரண்டு தடவை பிரிச்சிருக்கு. முதல் தடவை, எங்கப்பா ஆயில் இல்லாம ஓட்டி ஆரணி ரோட்டுல நின்னு போய், மாட்டைக் கட்டி இழுத்துண்டு வந்தா. இரண்டாவது தடவை நான் பிரிச்சுப் பூட்டினேன்."

சம்பந்தி ஒரு கணம் திகைத்தார். "மாட்டைக் கட்டியா?"

"ரெண்டு மாடு. அதுல ஒண்ணு நொண்டி" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

சம்பந்தி சிரித்தார். இந்தச் சிரிப்பு அன்று கொட்டகையில் சிரித்தது போல இல்லை. பானெட்டின் மேல் கையை வைத்து, சூட்டில் உதறி எடுத்து, "இப்போ கைபட்டாச்சு மாமா" என்றார்.

"மாப்பிள்ளை இறங்கட்டும்" என்றேன். அவர் இறங்கி ஆரத்திக்கு நின்ற பிறகு, நானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.